தர்பார் சீனின் பின்பக்கம்

எங்கள் நாடக சபாவின் கண்காட்சிக்கு அட்டை எழுதும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனது இன்னொரு காரணம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஓர் அட்டை, அதில் நான்கு வரிகள்: நாடகத்தின் பெயர், நடந்த ஆண்டு, எழுதியவர், ஓவியர். பழைய நோட்டீஸ்களுக்கும் புகைப்படங்களுக்கும் அட்டைக் கிரீடங்களுக்கும் எப்படியோ எழுதி முடித்துவிட்டேன். தர்பார் சீனுக்கு, அதாவது அரண்மனை எழுதிய மேடைத் திரைக்கு, வந்தபோது பேனா நின்றுவிட்டது. அதற்கு எந்த நாடகத்தின் பெயரை எழுதுவது, எந்த ஆண்டைப் போடுவது? சும்மா ஏதாவது ஓர் ஆண்டை எழுதிவிடு, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றார் எங்கள் செயலாளர். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் கண்காட்சி முடிந்து ஆணிகளைப் பிடுங்கிய பிறகும் அந்தக் குடைச்சல் என்னை விடவில்லை.

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றை ஒட்டி இருக்கிறது. நாடக சபாவுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. சாமான்கள் ஒரு நெல் கிடங்கின் பரணில் இருக்கின்றன. எலிகளுக்கும் எங்களுக்கும் அங்கே சம உரிமை. நடிப்பவர்களில் பாதிப் பேர் விவசாயிகள். மற்றவர்கள் தையற்காரர், கூட்டுறவுச் சங்க எழுத்தர், பள்ளிக்கூட வாத்தியார். ஸ்த்ரீபார்ட் என்கிற பெண் வேடத்துக்கும் பபூனுக்கும் ஆர்மோனியத்துக்கும் மட்டும் வெளியூரிலிருந்து ஆள் வரும். நாடகப் பருவத்தை எங்களுக்கு முடிவு செய்வது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜனவரி 28ஆம் தேதி அணையை மூடுகிறார்கள், ஜூன் 12ஆம் தேதி திறக்கிறார்கள். இடைப்பட்ட மாதங்களில் சம்பாவும் தாளடியும் அறுவடையாகி வயல் காய்ந்து கிடக்கும், கையில் கொஞ்சம் பணம் இருக்கும், மேடை போட இடமும் இருக்கும். ஆறு வற்றினால்தான் எங்கள் ஊரில் அரிச்சந்திரன் நாட்டை இழப்பான். களத்திலேயே வசூலும் நடந்துவிடும். இத்தனை மரக்கால் என்று வீட்டுக்கு வீடு நெல் அளப்பார்கள். பிற்பாடு அது மூட்டையாகி, இப்போது ரசீதுப் புத்தகமாகிவிட்டது.

ஒரே அரண்மனை, பல ராஜாக்கள்

தர்பார் சீனைப் பற்றிச் சொல்கிறேன். 20 அடி அகலம், 12 அடி உயரம். காடாத் துணியைப் பட்டை பட்டையாகத் தைத்து இணைத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி வெள்ளைப் பொடியோடு குழைத்துப் பூசி, அது காய்ந்த பிறகு கலர்ப்பொடியால் எழுதியது. அடியில் ஒரு மூங்கில். பக்கவாட்டுக் கயிற்றை இழுத்தால் சீன் சுருண்டு மேலே போகும், விட்டால் தடதடவென்று இறங்கும். படத்தில் இருபுறமும் தூண்கள், நடுவே ஐந்து படி ஏறிச் சிம்மாசனம், பின்னால் ஒரு நந்தவனம், அதற்கும் பின்னால் எந்த நாட்டில் இருக்கிறது என்று சொல்ல முடியாத ஒரு மலை. பார்சி நாடகக் கம்பெனிகள் நம் பக்கம் சுற்றிய காலத்தில் கொண்டுவந்து விதைத்த பாணி இது. தூண்கள் உள்ளே போகப் போகச் சிறுத்து ஒரு புள்ளியில் கூடும். எழுதியவர் கும்பகோணத்தில் கடைப் பலகையும் சினிமா பேனரும் எழுதிக்கொண்டிருந்தவர். அவர் பெயரைத் துணியின் ஓரத்தில் கண்டுபிடித்து அட்டையில் எழுதிவிட்டோம். அவருடைய வீட்டாரைக் கேட்காமல் இங்கே எழுதுவது முறையில்லை.

இந்த அரண்மனையில் முதலில் குடியிருந்தவன் அரிச்சந்திரன். சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகளை வைத்து எங்கள் ஆட்கள் ஆடியது அது. அதே தர்பார் பிறகு பவளக்கொடியின் கோட்டையானது. சத்தியவான் சாவித்திரியில் அசுவபதியின் சபையானது. சீர்திருத்த நாடகங்களின் அலை எங்கள் ஊருக்கும் வந்தபோது, சிம்மாசனத்தின் மேல் ஒரு சால்வையைப் போட்டு, தூணில் ஒரு காலண்டரை மாட்டி, மிராசுதார் வீட்டுக் கூடமாக்கினார்கள். மூலையில் சிங்கத் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு ஊர் வாத்தியார் ஒருவர் எழுதிய குடும்ப நாடகத்தில் அது நீதிமன்றம். பள்ளி ஆண்டு விழாவுக்கு இரவல் போனபோது ஒளவையார் அதன் முன் நின்று பாடியிருக்கிறார், கட்டபொம்மனும் அங்கேதான் வரி கொடுக்க மறுத்தான். இதற்கு எந்த ஆண்டை எழுதச் சொல்கிறீர்கள்?

நான் கமிட்டியில் ஒரு யோசனை சொன்னேன். நாடகவாரியாக அடுக்க வேண்டாம், சீன்வாரியாக அடுக்கலாம். தர்பார், காடு, தெரு, மயானம் என்று நான்கு இடங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அதில் நடந்த நாடகங்கள் எல்லாவற்றையும் எழுதலாம். பழைய நாடகங்களின் பட்டியல் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது; அதில் தலைமை தாங்கியவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், ராஜபார்ட் என்கிற கதாநாயகன் பெயர் அதற்கு அடுத்த அளவில் இருக்கும். அதையே மறுபடியும் சுவரில் ஒட்டினால் என்ன புதிதாகத் தெரியும்? தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை. சிறப்பு விருந்தினர்கள் வருவார்கள், காலவரிசையில் இருந்தால்தான் ஒரு வளர்ச்சி தெரியும் என்றார். வளர்ச்சி என்ற சொல்லை ஒருவர் கூட்டத்தில் பயன்படுத்திவிட்டால் அதற்குமேல் எதிர்த்துப் பேச முடியாது.

இத்தனைக்கும் காலவரிசையும் எழுதியவர் பெயரும் மிஞ்சுவது அபூர்வம் என்பதற்கு நம் மண்ணே சாட்சி. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வைகாசித் திருவிழாவில் ராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காக, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விஜயராஜேந்திர ஆசாரியனுக்கு நாளொன்றுக்கு ஒரு தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம் என்று அது விதிக்கிறது. தூணிக்கு நான்கு மரக்கால், கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். 360 நாளுக்குப் பெருக்கிப் பார்த்தேன், கணக்கு அப்படியே வருகிறது. நாடகத்தில் ஒரு வரி வசனம் நமக்குக் கிடைக்கவில்லை. கதை என்ன என்பதைப் பற்றி அறிஞர்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். மிஞ்சியது ஆடியவன் பெயரும் அவனுக்கு அளந்த நெல்லும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கும்பகோணத்தில் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்திய பாலாமணி அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ரயிலைத்தான்: அவருடைய நாடகத்துக்கு வரும் கூட்டத்துக்காகவே விட்ட ரயிலை ஜனங்கள் பாலாமணி ஸ்பெஷல் என்று அழைத்த கதை. மேடையில் அவர் என்ன பாடினார், எப்படி நின்றார் என்று சொல்ல ஆள் இல்லை. நாடகம் தன்னைப் பற்றி எதை விட்டுவிட்டுப் போகும் என்பது நாடகக்காரர்கள் கையில் இல்லை போலிருக்கிறது. எங்கள் சபா மட்டும் தலைமை தாங்கியவர் பெயரை விட்டுவிட்டுப் போக முயல்கிறது.

துணியைத் திருப்பியபோது

இதெல்லாம் என் வழக்கமான முணுமுணுப்பாகவே முடிந்திருக்கும். கல்யாண மண்டபத் தரையில் தர்பார் சீனை விரித்து, ஓட்டைகளைப் பார்த்துத் தைப்பதற்காக அதைக் கவிழ்த்துப் போட்டோம். அதுவரை அதன் பின்பக்கத்தை யாரும் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. மேடைக்குப் பின்னால் எப்போதும் இருட்டுதான். அங்கே போகிறவனுக்கு வேறு அவசரம் இருக்கும்.

பின்பக்கம் முழுக்க எழுத்து. கரித்துண்டு, பென்சில், காவிக்கட்டி, சில இடங்களில் உதட்டுச் சாயம். ‘மூன்றாம் மணி, மின்னல்.’ ‘லோகிதாசன் பாம்பு, திரையைச் சீக்கிரம் விடு.’ ‘இங்கே நிற்காதே, நிழல் விழும்.’ டீக் கணக்கு, நான்கு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக ஓரம் நெடுகப் போகிறது. யாரோ அரிதாரம் துடைத்த ஐந்து விரல் தடம். கிழிந்த இடத்தில் ஒரு கரைவேட்டித் துண்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள். எந்தக் கட்சிக் கரை என்று நான் சொல்லப் போவதில்லை, ஊருக்குள் இருக்க வேண்டும். ‘பெர்மிஷன் வரவில்லை, பாட்டு மட்டும்’ என்று ஓர் இடத்தில் இருந்தது. 1954ஆம் ஆண்டின் நாடகச் சட்டப்படி, நாடகப் பிரதியை முன்கூட்டியே போலீஸில் கொடுத்துக் காத்திருந்த காலத்து வரி அது. எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் கிளப்பிய புயலில் பிறந்த அந்தச் சட்டத்தை 2013ஆம் ஆண்டில்தான் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. அன்று இரவு வசனம் இல்லாமல் எப்படி ஒப்பேற்றினார்களோ.

இதையெல்லாம் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். துணியின் இடது ஓரத்தில், மின்னலையும் பாம்பையும் எழுதிய அதே கையெழுத்தில், இன்னொரு வரி இருந்தது. ‘கயிறு: கீழத்தெரு இடப்பக்கம், விளக்குக்கு அப்பால்.’

அங்கிருந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. டெல்டாவில் வளர்ந்த எவருக்கும் தேவைப்படாது. கூட்டம் உட்காரும் இடத்தில் ஒரு கயிறு கட்டுவார்கள். கீழத்தெரு ஜனங்கள், அதாவது ஒடுக்கப்பட்ட சாதியார், அதற்கு அந்தப் பக்கம். மேடை அமைப்பவருக்கு அதுவும் மின்னலைப் போல, திரையைப் போல ஒரு வேலைக் குறிப்பு. மறந்துவிடாமல் இருக்க எழுதி வைத்திருக்கிறார். எழுதியவர் கெட்ட மனிதர் என்றுகூட நான் நினைக்கவில்லை. எனக்குத் தாங்க முடியாமல் போனது அந்த எழுத்தின் சாதாரணம்தான். அத்தோடு அந்தத் துணியின் முன்பக்கத்தில் அன்று ஆடிய கதை எது என்பதும். காசியில் சுடுகாட்டுத் தலைவன் வீரபாகுவிடம் அடிமையாகி, பிணம் சுட வருகிறவர்களிடம் வாய்க்கரிசியும் முழத்துண்டும் கால்பணமும் கேட்டு நின்ற ராஜாவின் கதை. அந்தக் காட்சிக்கு எங்கள் ஊரே அழும். கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அழும், அந்தப் பக்கமும் அழும். அழுது முடித்து விடிகாலையில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, அடுத்த ஆட்டத்துக்கு எடுத்து வைத்திருப்பார்கள்.

சீனைச் சுவரில் ஒட்டினாற்போல் மாட்டுவது என்றுதான் முதலில் ஏற்பாடு. மண்டபத்தின் நடுவில், சுற்றி நடந்து பார்க்கும்படி தொங்கவிடலாம் என்று நான் சொன்னேன். தலைவர் என் முகத்தையே பார்க்கவில்லை. ‘அது அந்தக் காலம். இப்போது யார் கயிறு கட்டுகிறார்கள்? நல்ல காரியத்தில் எதற்கு இதையெல்லாம் கிளறுகிறாய்?’ என்றார். எண்பது வயதைத் தாண்டிய எங்கள் பழைய ராஜபார்ட் சொன்னது வேறு மாதிரி இருந்தது. ‘தம்பி, பின்பக்கத்தை ஜனங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே சீனே கட்டுகிறோம்? பாம்பு கடித்துச் செத்த லோகிதாசன் பின்னால் உட்கார்ந்து டீ குடிப்பான். அதைக் காட்டிவிட்டால் அப்புறம் நாடகம் எதற்கு?’ இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுதாக இல்லை. நாடகத்தின் சாமான்களுக்கு என்று ஒரு மறைவு வேண்டும் என்பதை நானும் நம்புகிறேன். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியின்போது பிரகலாத சரித்திரம் ஆடுகிறார்கள். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி எழுதிய பாகவத மேள நாடகம். நரசிம்மர் வேடம் போடுகிறவர் விரதமிருந்து அந்த முகத்தைத் தரிக்கிறார். மற்ற நாளில் அந்த முகத்துக்குப் பூசைதான். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அட்டை எழுதி ஒட்டினால் எனக்கே பிடிக்காது.

அப்போதுதான் டீச்சரக்கா பேசினார். ஓய்வுபெற்ற ஒன்றியப் பள்ளி ஆசிரியை; கீழத்தெருவிலிருந்து எங்கள் கமிட்டிக்கு வந்த முதல் ஆள். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்காமலேயே அவர் என்ன சொல்வார் என்று காத்திருந்தோம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். எழுத்தைக் காட்டுவது, மறைப்பது இரண்டைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ‘எங்கள் அப்பா அந்தக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் அரிச்சந்திரா முழுவதையும் மனப்பாடம் செய்தார். சந்திரமதி புலம்பலைப் பாடிக்கொண்டேதான் நாற்றுப் பறிப்பார். மேடையில் அடி மறந்து ராஜபார்ட் திணறினால், அந்தப் பக்கத்திலிருந்து அடி எடுத்துக் கொடுப்பார். அது உங்கள் பட்டியலில் எந்த இடத்தில் வரும்?’ என்று கேட்டார்.

ராஜபார்ட் பெரியவர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். ‘வந்திருக்கிறது,’ என்றார். ‘எனக்கே ஒரு தடவை வந்தது. மயான காண்டத்தில். பிராம்ப்டர் தூங்கிப்போய்விட்டான். இடது பக்கத்திலிருந்து சன்னமாக ஒரு குரல், சரியான அடி, சரியான சுருதி. பிடித்துக்கொண்டு போய்விட்டேன்.’ யார் என்று அப்புறம் கேட்கவில்லையா என்று செயலாளர் கேட்டார். ‘கேட்டிருந்தால் பிராம்ப்டருக்கு வேலை போயிருக்கும்,’ என்றார் பெரியவர். அதற்குச் சிலர் சிரித்தார்கள், டீச்சரக்கா உட்பட. பெரியவர் சிரிக்கவில்லை. சீனை நடுவில் மாட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வெற்றிலை போட வெளியே போய்விட்டார். அதன்பிறகு தலைவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் என் அட்டைப் பிரச்சினை எனக்கே சிறியதாகத் தெரிந்தது. சீன்வாரியாக எழுதினாலும் நாடகவாரியாக எழுதினாலும் அந்தக் குரல் அதில் வராது. பிராம்ப்ட் செய்தவர் பெயராவது ஒன்றிரண்டு நோட்டீஸில் இருக்கிறது. கேட்டுக் கேட்டு நாடகத்தையே தன்னுடையதாக்கிக்கொண்டவர்களுக்கு எந்த நோட்டீஸிலும் வரி கிடையாது. விஜயராஜேந்திர ஆசாரியன் ஆடியபோதும் கோயில் திருமுற்றத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை. நெல் அளந்ததைச் சொன்ன அளவுக்கு அது நேர்மையானது.

மண்டபத்தில்

கண்காட்சியின் மற்ற பகுதிகளுக்குக் குறைவில்லை. நாடகச் சாமான்கள் ஒரு பக்கம், சுற்றுவட்டாரக் கலைஞர்களின் வேலை ஒரு பக்கம். தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க ரேக்குகள் குழல்விளக்கில் பளபளத்தன. பெண்கள் கூட்டம் அங்கேதான் நின்று படம் எடுத்துக்கொண்டது. நெட்டியில் செதுக்கிய பெரிய கோயில், கலைத்தட்டு, கருப்பூர் கலம்காரித் தொம்பை. சுவாமிமலை சிற்பி ஒருவர் மெழுகில் பிடித்த உருவையும் அதன்மேல் பூசும் காவிரி வண்டலையும் வைத்திருந்தார். வார்த்து முடித்த சிலையைவிட அந்த மண்ணைத்தான் பிள்ளைகள் அதிகம் தொட்டுப் பார்த்தார்கள். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் நீர்வண்ணப் படங்களில் அறுவடை இயந்திரங்கள் இருந்தன. ஒருவழியாக மாட்டுவண்டியிலிருந்து நம் ஓவியர்கள் இறங்கிவிட்டார்கள்.

இவற்றுக்கு நடுவே தர்பார் சீன் பாவமாகத்தான் இருந்தது. தூரத்திலிருந்து, மஞ்சள் வெளிச்சத்தில் பார்ப்பதற்காக எழுதியதை அருகே நின்று வெள்ளை விளக்கில் பார்த்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். சிம்மாசனத்தின் இரத்தினங்கள் வெறும் சிவப்பு உருண்டைகள். கல்லூரி மாணவன் ஒருவன் நெடுநேரம் அதன் முன் முன்னும் பின்னும் நடந்து பார்த்தான். பிறகு என்னைக் கூப்பிட்டு, ‘நடுவில், ஏழெட்டு வரிசை தள்ளி உட்கார்ந்தால்தான் சார் இந்த அரண்மனை நேராக நிற்கும். மிராசுதார் நாற்காலி போடும் இடத்துக்குத் தூண்களை அளந்து எழுதியிருக்கிறார். இதோ, இந்த இடது ஓரத்துக்கு வாருங்கள். கட்டடமே சாய்கிறது, பாருங்கள்’ என்றான். பின்பக்கத்தை அவன் அப்போது இன்னும் பார்த்திருக்கவில்லை. நான் அவன் காட்டிய ஓரத்தில் போய் நின்றேன். சாய்ந்துதான் இருந்தது.

முன்பக்கத்துக்கு நாடகங்களின் பட்டியலை எழுதியிருந்தேன். பின்பக்கத்துக்கு என் சொந்த வார்த்தை ஒன்றும் இல்லாமல், கரி மங்கிவிட்டதால் படிக்க வசதியாக, அங்கே இருந்ததை அப்படியே பெயர்த்து எழுதி ஓர் அட்டை வைத்தேன். கயிறும் அதில் ஒரு வரி. சிறப்பு விருந்தினர் வருவதற்குச் சற்று முன் அந்த அட்டை காணாமல் போய்விட்டது. அவர் கார் கிளம்பியதும் மறுபடி அதே இடத்தில் இருந்தது. எடுத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்; திரும்ப வைத்தவர் யார் என்பதுதான் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் பின்பக்கத்தை விட்டு நகரவில்லை, டீக் கோடுகளைக் கூட்டிப் பார்த்தார்கள். கீழத்தெருவிலிருந்து வயதானவர்கள் சிலர் வந்தார்கள். அவர்கள் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு உடனே முன்னால் வந்துவிட்டார்கள். சிம்மாசனத்துக்கு நேரே, நடுவில் நின்று, தூண்களையும் நந்தவனத்தையும் விரலால் காட்டி ஒருவருக்கொருவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அவர்களுக்குத் தெரிந்த கதை. நேராக நிற்கும் அரண்மனைதான் அவர்களுக்குப் புதிது.

பூசுவதா, விடுவதா

இப்போது வேறொரு சண்டை நடக்கிறது. வரும் வைகாசியில் ஒரு புது நாடகம் போட இருக்கிறோம். அதற்கு ஆற்றங்கரை வேண்டும். அந்தக் கல்லூரி மாணவன் எழுதித் தருகிறேன் என்றான். எங்கள் சபாவின் பழக்கப்படி, புதுச் சீன் என்றால் பழைய துணியின்மேல் வெள்ளை அடித்து எழுதுவதுதான். தெரு சீனுக்கு அடியில் ஒரு கடற்கரை இருக்கிறது; நனைத்துப் பார்த்தால் அலை தெரியும். தர்பார்தான் இருப்பதிலேயே திடமான துணி, அதன்மேல் எழுதிவிடலாம் என்று தலைவர் சொல்கிறார். கண்காட்சிக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் யோசிக்காமல் சரி என்றிருப்பேன். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் எழுதிய ஓவியங்களின் மேலேயே நாயக்கர் காலத்தில் எழுதினார்கள். 1931ஆம் ஆண்டில் எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டறிந்து சொல்லும்வரை, அடியில் சுந்தரரும் திரிபுராந்தகரும் இருப்பது வெளியே தெரியவில்லை. மேல்பூச்சு அடியிலிருந்ததை அழிக்காமல் காத்துத்தான் கொடுத்தது. பிற்பாடு தொல்லியல் துறையினர் நாயக்கர் கால ஓவியத்தைப் பெயர்த்துத் தனிப் பலகைகளில் ஏற்றியதால் இரண்டும் பிழைத்தன. கோயிலுக்கே அது வழக்கமென்றால் நாடக சபாவுக்கு என்ன கௌரவக் குறைச்சல்? பயன்படுகிற பொருளின்மேல் அடுத்தவன் எழுதட்டும் என்பதுதான் என் கட்சியாக இருந்தது. சீனை மியூசியப் பொருளாக்கிப் பரணில் ஏற்றிவிட்டால் எலிக்குத்தான் லாபம்.

ஆனால் அந்தப் பையன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டான். புதிதாக வஜ்ஜிரமும் வெள்ளையும் அடித்தால் ஈரம் துணியில் ஊறிப் பின்பக்கம் வரும். கரியும் பென்சிலும் கலங்கிவிடும். உள்ளே படுதா வைத்துத் தைத்துக் காப்பாற்றலாம், ஆனால் அப்போது எழுத்து இரண்டு துணிக்கு நடுவே போய்விடும். சுவர் ஓவியத்துக்குப் பின்பக்கம் கிடையாது. எங்கள் துணிக்கு இருக்கிறது. புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு பூசிவிடலாம் என்கிறார் செயலாளர். பழைய ராஜபார்ட், பூசுங்கள், எனக்கு ஒரு ஆற்றங்கரையில் நடிக்க ஆசை என்கிறார். எண்பதைத் தாண்டியவருக்கு யார் வேடம் கொடுக்கப் போகிறார்கள் என்று அவர் கவலைப்படவில்லை. டீச்சரக்கா இதுவரை எந்தப் பக்கமும் பேசவில்லை. கேட்டதற்கு, ‘கயிறு கட்டியதை நான் மறக்க மாட்டேன், அதற்கு எனக்குத் துணி வேண்டாம். உங்களுக்கு வேண்டுமா என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்றார்.

எனக்கு வேண்டும். தர்பாரின் முன்பக்கத்தைப் பற்றி எனக்குப் பெரிய பாசம் இல்லை. இன்னும் எத்தனை ராஜாக்கள் வேண்டுமானாலும் அதில் உட்காரட்டும், ஆறு ஓடினாலும் ஓடட்டும். பின்பக்கத்தில் இருப்பது எங்கள் சபா தன் கைப்பட எழுதிக்கொண்ட ஒரே உண்மையான வரலாறு, அதைக் கலங்கவிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே புதுத் துணி வாங்கச் சொல்லித்தான் அடுத்த கூட்டத்தில் பேசப் போகிறேன். பணம் எங்கே என்று தலைவர் கேட்பார். கணக்கு நோட்டை நான் பார்த்துவிட்டேன். கண்காட்சி வாசலில் அவர் படத்தோடு வைத்த பிளெக்ஸ் பேனர்களின் செலவுக்கு, காடாத் துணியும் தையல் கூலியும் வஜ்ஜிரமும் கலர்ப்பொடியும் வாங்கிய பிறகும் டீச்செலவுக்கு மிச்சம் இருக்கும்.